வாகனச் சார்பு நோய்

தன் வாழ்க்கைக்கு ஒரு நோக்கமும் இல்லை என்பது சங்கிலிமுத்துவுக்கு ஐம்பத்தைந்து வயதுவரை தெரியாது. அதைக் கண்டுபிடித்துச் சொல்வதற்கு மதுரையிலிருந்து ஒரு டாக்டர் காரில் வரவேண்டியிருந்தது. அதுவரைக்கும் மனிதர், பாவம், எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டி வாணத்துக்கு வெடிமருந்து செலுத்திக்கொண்டு, ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டார்.

மனைவி பொன்னுத்தங்கம் முந்தின வருஷத்து மழையில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தாள். மகள் மாரிசெல்வி கட்டிக்கொடுத்த இடத்தில், திருப்பூரில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை முகம்மது இஸ்மாயில் கடை போனுக்குக் கூப்பிட்டு, "நல்லாருக்கீகளாப்பா" என்று கேட்பாள். "நல்லாருக்கேன்" என்பார். அதற்குமேல் என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியாது. மாப்பிள்ளையின் சளியைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு வைத்துவிடுவார்கள். வீட்டில் அரசாங்கம் கொடுத்த கலர் டிவி இருந்தது. சாப்பிடும்போது அதைப் போட்டுவிடுவார். செய்தி வாசிக்கிற பெண் வணக்கம் சொன்னால், இவரும் சோற்றுக் கையை ஒட்டிவைத்துப் பதில் வணக்கம் சொல்வார். சொல்லாமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்.

காலையில் கம்பெனி வேன் வரும். டிரைவர் கதிரவன் தெருமுக்கில் திரும்பும்போதே ஆரனை அடித்துவிடுவான். உள்ளே ஏறினால் ஒரே இரைச்சலாக இருக்கும். யார் வீட்டு ஆடு யார் வீட்டுத் துணியைத் தின்றது, நேற்று நாடகத்தில் மாமியாருக்கு எப்போது புத்தி வரும் என்று பெண்கள் பேசிக்கொண்டே வருவார்கள். சங்கிலிமுத்து எதுவும் பேசமாட்டார். கடைசி சீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வருவார். பேக்கிங்கில் வேலை பார்க்கும் சோலையம்மாள் மட்டும் தினமும் திரும்பிப் பார்த்து, "சாப்பிட்டீகளாண்ணே?" என்று கேட்பாள்.

"ஆச்சு தாயி" என்பார்.

ஆகியிருக்காது. அது அவளுக்கும் தெரியும். மத்தியானம் வேப்பமரத்தடியில் எல்லோரும் தூக்குச்சட்டியைத் திறக்கும்போது, கேட்காமலே ஒரு உருண்டைத் துவையலை அவருடைய மூடியில் வைப்பாள். மருந்து செலுத்துகிற ஷெட்டில் பேச்சுக்கு வழியில்லை. பேசினால் கவனம் சிதறும். சிதறினால் மனிதரும் சிதறுவார். ஆகவே ஒரு நாளில் அவர் காதில் விழுகிற மனிதக் குரல் என்பது வேனிலும் மரத்தடியிலும் விழுகிறதுதான். அது அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அந்த வருஷம் தூரத்தில் ஒரு கம்பெனியில் வெடிவிபத்து. விசாரித்தார்கள். விபத்துக்குக் காரணம் கவனக்குறைவு என்றும், கவனக்குறைவுக்குக் காரணம் மனம் என்றும் முடிவாயிற்று. இந்த முடிவு முதலாளிகள் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. சுவரைப் பழுது பார்ப்பதைக் காட்டிலும் மனத்தைப் பழுது பார்ப்பதற்குச் செலவு குறைவு. சிமெண்டு, செங்கல் எதுவும் தேவைப்படாது.

இப்படித்தான் சங்கிலிமுத்து வேலை பார்த்த கம்பெனியில் 'அகச்சுடர் மனநல மையம்' பிறந்தது. காம்பவுண்டுக்குள்ளேயே, மழைக்கு ஒழுகுகிறது என்று கைவிட்டிருந்த பழைய மருந்து ஷெட் ஒன்றை வெள்ளையடித்தார்கள். வெள்ளையடித்தவன், வாசல் பக்கம் சிவப்புப் பெயிண்டில் இருந்த 'இந்த அறையில் ஆட்கள் 2' என்ற எழுத்தை மட்டும் தொடவில்லை. அதை அழித்தால் தன்னைப் பிடித்துக்கொள்வார்கள் என்று பயந்தான். எழுத்துக்குக் கீழே பதித்திருந்த செம்புத் தகட்டையும் யாரும் பெயர்க்கவில்லை.

தீபாவளி முடிந்து ஆர்டர் ஓய்ந்திருந்த ஒரு நல்ல நாளில் திறப்பு விழா நடந்தது. முதலாளி சுந்தரபாண்டி மைக்கைப் பிடித்தார்.

"இங்கன வேலை பாக்குறவுக எல்லாரும் என் பிள்ளைக. போன வருசம் ஷெட்டுக்குப் புதுக் கூரை வேணும்னு கேட்டாக. நான் யோசிச்சேன். ஷெட்டுக்குக் கூரை போட்டா வேலை நேரத்துக்கு மட்டுந்தான் நிழல். மனசுக்குக் கூரை போட்டா வீட்டுக்குப் போனாலும் நிழல். அதான் மனசுக்கே போட்டுட்டேன். இனிமே யாரும் கூரை கேக்க மாட்டீகன்னு நம்புறேன்."

கைதட்டினார்கள். அடுத்து மதுரை டாக்டர் சீனிவாசகம் குத்துவிளக்கு ஏற்ற எழுந்தார். கோட்டுப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து உரசினார்.

அந்தக் காம்பவுண்டுக்குள் தீக்குச்சி உரசும் சத்தத்தை எவரும் அதுவரை கேட்டதில்லை. பீடிக் கட்டைக்கூட கேட்டில் கொடுத்துவிட்டு வருகிற சனங்கள். சத்தம் காதில் விழுந்ததுதான் தாமதம், கூட்டம் எழுந்தது. ஒருவரையொருவர் இடிக்காமல், வாயைத் திறக்காமல், பழகிய மாதிரி ஓடிப் போய் முள்வேலிக்குப் பக்கத்தில் கட்டடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது. மேடையில் டாக்டரும் முதலாளியும் குத்துவிளக்கும் மட்டும் மிச்சம்.

டாக்டர் குச்சி விரலைச் சுடும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முதலாளியிடம் மெதுவாகச் சொன்னார்: "கூட்டுப் பீதி நோய். புத்தகத்துலதான் படிச்சிருக்கேன். ஒருத்தரையும் விடாம சோதிச்சாகணும்." அவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி.

சோதனைக்கு ஆலோசகர் ஒருவரை நியமித்தார்கள். பர்ஹத் என்று பெயர். விருதுநகரில் வியாபாரக் குடும்பத்துப் பெண், அப்போதுதான் மனவியல் படித்து முடித்திருந்தாள். நல்ல பிள்ளை. கேள்விகளைக்கூட மன்னிப்புக் கேட்கிற குரலில்தான் கேட்பாள். எல்லோரிடமும் கேட்கவேண்டிய முக்கியமான கேள்வி, 'நீங்கள் எதற்காக வாழ்கிறீர்கள்?' என்பது. அநேகம் பேர் "பிள்ளைகளுக்காக" என்று சட்டென்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். அந்தப் பதிலுக்கு யாரையும் ஒன்றும் செய்ய முடியாது.

சங்கிலிமுத்துவோ எந்தக் கேள்விக்கும் யோசித்துப் பதில் சொல்கிற ஆள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

"வேன் வருதுல்லம்மா. அதான்."

"வேனா?"

"ஆமாம்மா. காலைல கதிரவன் ஆரன் அடிப்பான். எந்திரிச்சு வந்துருவேன்."

"வேன் வரலைன்னா?"

"ஞாயித்துக்கெளம வராது. அன்னைக்கு ஒண்ணும் ஓடாது."

பர்ஹத் பேனாவை வைத்துவிட்டு அவரை ஒருமுறை பார்த்தாள். அவளுக்கு ஏதோ புரிந்த மாதிரி இருந்தது. ஆனால் புரிந்ததை எழுத அந்தத் தாளில் இடம் இல்லை. 'வேன்' என்று எழுதினாள்.

டாக்டர் சீனிவாசகம் அதைப் படித்துவிட்டு முதலாளியைக் கூப்பிட்டு அனுப்பினார். சங்கிலிமுத்துவை வாசலில் நிற்க வைத்துக்கொண்டே பேசினார்கள்.

"இதுக்கு வாகனச் சார்புன்னு பேர் வைக்கப்போறேன். குடிகாரனுக்குக் குடி எப்படியோ, இவருக்கு வேன். வாழ்க்கையில நோக்கமே இல்லாத ஒரு மனுஷன் கையில மருந்தைக் கொடுக்கலாமா, நீங்களே சொல்லுங்க."

"கொடுக்கக் கூடாது" என்றார் முதலாளி. அவருக்கு ஆர்டர் இல்லாத மாசம்.

"நோக்கம் கிடைக்கிறவரைக்கும் வேலை வேண்டாம். வேனை உடனே நிறுத்திரணும். குடியை நிறுத்துற மாதிரிதான். மொத நாலு நாள் கை நடுங்கும்."

சங்கிலிமுத்து பயந்துபோய்க் கேட்டார்: "நோக்கம் எங்கன கிடைக்கும்யா?"

"உங்களுக்குள்ளேயேதான் இருக்கு. வீட்டுல தனியா உக்காந்து தேடுங்க."

மறுநாள் காலையில் பழக்கதோஷத்தில் முக்கில் போய் நின்றார். வேனும் பழக்கதோஷத்தில் நின்றது. கதிரவன் தலையைச் சொறிந்துகொண்டே, "ஏத்தக்கூடாதுன்னு சொல்லிட்டாக மாமா" என்றான். வேனுக்குள் அன்றைக்கு இரைச்சல் இல்லை. சோலையம்மாள் பின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போனாள். சங்கிலிமுத்து தூக்குச்சட்டியோடு வீட்டுக்குத் திரும்பி, கதவைச் சாத்தி, தனக்குள் தேட உட்கார்ந்தார். நோக்கம் எந்த மாதிரி இருக்கும் என்று தெரிந்தாலாவது தேட வசதியாக இருக்கும். அவருக்குக் கிடைத்ததெல்லாம் பொன்னுத்தங்கம்தான். அவள் இருமிக்கொண்டு படுத்திருந்த மூலைதான் திரும்பத் திரும்ப வந்தது. மத்தியானத்துக்குமேல் தேடுவதை நிறுத்திவிட்டார்.

புதன்கிழமை டாக்டர் வரும் நாள். சங்கிலிமுத்து நடந்தே போனார். வாசலில் செருப்பைக் கழற்றி, செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்து எடுத்தபின் உள்ளே நுழைந்தார். மருந்து ஷெட்டுக்குள் நுழைகிற எவரும் அப்படித்தான் செய்வார்கள். உடம்பில் இருக்கிற கரண்டு தகட்டில் இறங்கிவிடும். டாக்டர் அதை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகக் கவனித்தார்.

"அதை ஏன் தொட்டீங்க?"

"தொடாம வரக்கூடாதுல்லய்யா."

"தொடலைன்னா என்ன ஆகும்னு நெனைக்கிறீங்க?"

"வெடிச்சுரும்."

டாக்டர் வாசலுக்கு வெளியே நின்ற பர்ஹத்தைப் பார்த்தார்.

"அப்ப, நீங்க தொடுறதுனாலதான் இந்தக் கட்டடம் வெடிக்காம இருக்கு."

"நான் மட்டுமாய்யா. எல்லாருந்தான் தொடுறோம்" என்றார் சங்கிலிமுத்து, கிடைத்த பெருமையைத் தனியாக எடுத்துக்கொள்ளக் கூச்சப்பட்டு.

டாக்டர் நிறைய எழுதினார். வீட்டில் யாரிடம் பேசுவீர்கள் என்று கேட்டார். டிவியில் வணக்கம் சொல்லும் பெண்ணைப் பற்றி சங்கிலிமுத்து மறைக்காமல் சொன்னார். டாக்டர் இன்னும் நிறைய எழுதினார்.

"இனிமே டிவி வேண்டாம். கண்ணாடி முன்னால உக்காந்து உங்ககூட நீங்களே பேசுங்க. தன்னைத்தானே நேசிக்கப் பழகணும். மத்தவங்க நம்மகிட்டப் பேசணும்னு எதிர்பார்க்கிறதுதான் எல்லா நோய்க்கும் மூலம். என்னையே எடுத்துக்கங்க, நான் என் வீட்டுல யார்கிட்டயும் பேசி ஆறு வருஷம் ஆச்சு. எவ்வளவு நிம்மதியா இருக்கேன் பாருங்க."

சங்கிலிமுத்து பார்த்தார். கனம் தாங்காதவர் மாதிரி நாற்காலியில் சாய்ந்திருந்தார் டாக்டர். நிம்மதி என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டு வந்தார்.

அன்று பொழுது சாயும் நேரத்தில், பொன்னுத்தங்கம் பொட்டு வைக்கிற கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவைத்து எதிரே உட்கார்ந்தார். ஓரத்தில் அவள் ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்று இன்னும் இருந்தது. என்ன பேசுவதென்று தெரியவில்லை. "சாப்பிட்டீகளா" என்று கேட்டார். கண்ணாடிக்குள் இருந்தவரும் அதையேதான் கேட்டார். யாராவது பதில் சொல்லவேண்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள். கடைசியில் சங்கிலிமுத்து கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டார்.

இதற்கிடையில் நோயாளிகள் பெருகினார்கள். ஆட்டோடு பேசுவதாக ஒப்புக்கொண்ட மாடத்தி அகப்பட்டாள். காரணமில்லாமல் சிரிக்கிறாள் என்று சோலையம்மாள் அகப்பட்டாள். அவள் அன்றைக்கு பர்ஹத்தின் கேள்விகளைக் கேட்டுத்தான் சிரித்தாள். அதைச் சொன்னால் அந்தப் பிள்ளை வருத்தப்படுமே என்று சொல்லவில்லை. இவர்கள் நோக்கம் உள்ளவர்கள் என்பதால் வேலையை நிறுத்தவில்லை. புதன்கிழமை மத்தியானம் குழு சிகிச்சைக்கு வந்தால் போதும் என்றார்கள். தனிமையில் தவிப்பவர்கள் எல்லோரும் ஒரே அறையில் வட்டமாக உட்கார்ந்து மனம் திறந்து பேசுவதுதான் குழு சிகிச்சை. வெளிநாடுகளில் இதற்குப் பெரிய பெயராம்.

அந்தப் புதன்கிழமை அறைக்குள் வட்டமாக நாற்காலிகள் போட்டிருந்தார்கள். டாக்டரும் பர்ஹத்தும் உட்கார்ந்திருந்தார்கள். நோயாளிகள் வந்தார்கள். வாசலில் சிவப்பு எழுத்தைப் பார்த்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தார்கள். வெளியே நின்றுகொண்டார்கள்.

"வாங்க, உள்ள வாங்க" என்றார் டாக்டர்.

ஒருவரும் நகரவில்லை.

"ஆளு இருக்காகய்யா" என்றார் சங்கிலிமுத்து, பணிவாக.

"யாரு இருக்கா?"

"நீங்க ரெண்டு பேரும்."

இது மனத்தின் எதிர்ப்பு என்று டாக்டர் பர்ஹத்துக்கு விளக்கினார். நீ போய் அன்பாகக் கூட்டிக்கொண்டு வா என்றார். பர்ஹத் வெளியே வந்தாள். அவள் காலை வெளியே வைத்ததும் மாடத்தி தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். மகிழ்ந்துபோன பர்ஹத் திரும்ப உள்ளே நுழைந்தாள். மாடத்தி எழுந்து வெளியே வந்துவிட்டாள். மறுபடி அழைத்துப் பார்த்தார்கள். மறுபடி அப்படியே நடந்தது. மருந்து ஷெட்டில் எழுதியிருக்கிற இரண்டு பேருக்குமேல் ஆள் இருந்து, மேலதிகாரிகள் வந்துவிட்டால், வேலை போவது உள்ளே இருந்த ஆளுக்குத்தான். வெள்ளையடித்தாலும் ஷெட் ஷெட்தான். சோலையம்மாள்கூட எடுத்துச் சொன்னாள்: "எழுதியிருக்குல்லய்யா. எங்களுக்கு என்ன வந்துச்சு, மரத்தடில இருந்துக்கிடுதோம். ஒவ்வொரு ஆளா கூப்பிடுங்க."

கடைசியில் அப்படித்தான் நடந்தது. பர்ஹத்தை வெளியே அனுப்பிவிட்டு, டாக்டர் ஒருவர் ஒருவராகக் கூப்பிட்டுக் குழு சிகிச்சை நடத்தினார். காலியாகக் கிடந்த நாற்காலிகளைப் பார்த்து, "இப்ப எல்லாரும் மனம் திறந்து பேசுவோம்" என்று ஒவ்வொரு தடவையும் மறக்காமல் சொன்னார்.

மற்றவர்கள் வேப்பமரத்தடியில் முறைக்காகக் காத்திருந்தார்கள். காத்திருக்கும்போது சும்மாவா இருக்க முடியும். மாடத்தியின் ஆடு குட்டி போட்டதைப் பேசினார்கள். தூக்குச்சட்டியைத் திறந்தார்கள். சங்கிலிமுத்துவின் மூடியில் துவையல் வந்து விழுந்தது. "எளச்சுப் போனீகண்ணே" என்றாள் சோலையம்மாள். யாரோ பொன்னுத்தங்கத்தைப் பற்றி, அவளும் வேலைக்கு வந்த காலத்தில் ஒருமுறை வேனிலிருந்து இறங்கும்போது தவறி, முக்கில் உட்கார்ந்திருந்த ஒரு பெரிய மனுஷர் மடியில் விழுந்ததைப் பற்றிச் சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். சங்கிலிமுத்துவும் சிரித்தார், சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைத் துடைத்தார். அவள் பேரை ஊரில் இன்னொருத்தர் வாயால் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. பர்ஹத்தும் அங்கேதான் இருந்தாள். அவளுக்கும் ஒரு மூடியில் சோறு வைத்துக் கொடுத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் புதன்கிழமைக்காக எழுந்தார். செவ்வாய்க்கிழமையே சட்டையைத் துவைத்துப் போட்டார். நன்றாகத் தூங்கினார். டாக்டர் இதைக் கவனித்துவிட்டு, கண்ணாடிச் சிகிச்சை நன்றாக வேலை செய்கிறது என்று எழுதினார். மதுரையில் ஒரு கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசியும்விட்டார்.

ஒரு புதன்கிழமை, நாற்காலிகளோடு பேசிக்கொண்டிருந்த டாக்டர் வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டு எழுந்துவந்து பார்த்தார். நோயாளிகள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒருவர் கஷ்டத்தை ஒருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆலோசகர் வாய் நிறையச் சோறு. டாக்டர் மரத்தடிக்கே வந்துவிட்டார்.

"இங்க ரகசியம்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா? நோயாளியை நோயாளிக்கே தெரியக்கூடாது. ரோட்டுல பார்த்தாலும் தெரியாத மாதிரிதான் போகணும். இந்த ஊர்ல ஒரு கெட்ட பழக்கம் இருக்கு. பார்த்த உடனே சாப்பிட்டீகளான்னு கேக்கறது. ஒருத்தர் சாப்பிட்டாரா இல்லையாங்கிறது அவரோட தனிப்பட்ட விஷயம். அதைக் கேக்கறது அத்துமீறல். எல்லாரும் எல்லாரையும் இப்படிக் கேட்டுக்கிட்டே இருந்தா எங்ககிட்ட யாரு வருவா? படிச்சுட்டு நாங்க எங்க போறது?"

சட்டங்கள் வந்தன. ஆளுக்கு ஒரு கிழமை என்று சிகிச்சை பிரிக்கப்பட்டது. சாப்பிட்டீகளா என்று கேட்பது கம்பெனிக்குள்ளும் வேனுக்குள்ளும் தடை செய்யப்பட்டது. மரத்தடியில் கூட்டம் சேர்கிறது என்பதால் சாப்பாட்டு நேரத்தை ஷெட் வாரியாகப் பிரித்துவிட்டார்கள். மருந்து ஷெட் ஆட்கள் சாப்பிட்டு எழுந்தபிறகுதான் பேக்கிங் ஆட்கள் வரலாம். வேலை நேரம் மிச்சமாவது தெரிந்ததும், மனநலத்தில் முதலாளிக்கு நம்பிக்கை முன்னைவிட வலுத்தது.

சங்கிலிமுத்து தேய்ந்தார். அவருக்கு வெள்ளிக்கிழமை ஒதுக்கியிருந்தது. வருவார், தகட்டைத் தொடுவார், உட்காருவார். கேட்டால் ஒரு வார்த்தை சொல்வார். ஒரு வெள்ளிக்கிழமை பர்ஹத் எழுந்துபோய்க் கதவு வழியே வெளியே பார்த்துவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"ஐயா, நான் சொல்ற மாதிரி சொல்லிருங்க. 'பண்டிகை நாள்ல அடுத்தவங்க முகத்துல வெளிச்சத்தைப் பார்க்கிறதுக்காக வாழ்றேன்.' இவ்வளவுதான். வேன்னு மட்டும் வாயத் தொறந்துராதீங்க."

"இதச் சொன்னா வேன்ல ஏத்துவாகளாம்மா?"

"ஏத்துவாங்கய்யா. வேலைக்கும் போயிரலாம்."

அவர் அதை வீட்டில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தார். 'அடுத்தவங்க முகத்துல' என்கிற இடத்தில் தடுக்கியது. அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் கடைசி சீட்டிலிருந்து தெரிகிற முகங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. ஒருவழியாகத் தேறிவிட்டார். டாக்டர் வந்த நாளில் அவரிடம் ஒப்பித்தார். டாக்டர் எழுந்து நின்று கைகொடுத்தார்.

"கிடைச்சிருச்சு பாத்தீங்களா. எல்லாம் உங்களுக்குள்ளேயேதான் இருந்துச்சு."

மையத்தின் ஆண்டு விழாவை சிவகாசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். குணமடைந்த முதல் மனிதர் என்று சங்கிலிமுத்துவை மேடையில் ஏற்றினார்கள். வேன் ஆட்கள் எல்லோரையும் கூட்டிவந்து, அத்துமீறல் நேராதபடி ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். சங்கிலிமுத்து மேடையிலிருந்து சோலையம்மாளைத் தேடிக் கண்டுபிடித்தார். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தாள்.

"சொல்லுங்க, எதுக்காக வாழ்றீங்க?" என்று டாக்டர் மைக்கை நீட்டினார்.

சங்கிலிமுத்து தடுக்காமல் சொன்னார். மண்டபம் கைதட்டியது. முதலாளி சுந்தரபாண்டி எழுந்தார்.

"வேன் வேன்னு கெடந்த மனுசன் இன்னைக்கு எப்படிப் பேசுறாரு பாருங்க. டீசல் விக்கிற வெலைக்கு ரெண்டு வேன் ஓட்டுறது எனக்குச் செரமம்னு நான் சொல்ல வரலை. ஆனா ஒவ்வொருத்தரும் இவர மாதிரி குணமானா, ஒரு வேனே போதும். அப்புறம் அதுவும் வேணாம். அதுதான் என் கனவு. இனிமே இவரு வேனுக்காகக் காத்துக் கெடக்க வேண்டியதில்ல. யாரையும் நம்பாம, தன் கால்லயே வேலைக்கு வருவாரு. அதுக்கு என்னோட அன்பளிப்பு."

கலர்த்தாள் சுற்றிய புது சைக்கிள் ஒன்றை மேடைக்கு உருட்டிக்கொண்டு வந்தார்கள்.

சங்கிலிமுத்துவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பர்ஹத்தைத் தேடினார். அவள் மேடை ஓரத்தில் குனிந்த தலையோடு நின்றாள். அவர் முதலாளியிடம் நெருங்கிப்போய், மைக்குக்குக் கேட்காமல் சொல்ல நினைத்தார். மைக்குக்குக் கேட்டுவிட்டது.

"சைக்கிள் வேணாம்யா. நான் வேன்லயே வாரேன்."

டாக்டர் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார். "பாத்தீங்களா, நோய் எட்டிப் பாக்குது. இன்னொரு தடவை சொன்னீங்கன்னா மொதல்லேருந்து ஆரம்பிக்கணும். வேலைக்கும் போக முடியாது. சைக்கிள் வேணுமா, வேண்டாமா?"

"வேணும்யா" என்றார் சங்கிலிமுத்து. மறுபடி கைதட்டினார்கள்.

இப்போது அவர் வேலையில் இருக்கிறார். பூச்சட்டிக்கு மருந்து செலுத்துகிறார். மத்தியானம் ஷெட் நேரத்தில் மரத்தடியில் சாப்பிடுகிறார்; பேக்கிங் பெண்கள் வரும்போது எழுந்துபோகிறார். மாதம் ஒருமுறை பர்ஹத் முன்னால் உட்கார்ந்து, எதற்காக வாழ்கிறீர்கள் என்ற கேள்விக்கு அதே பதிலை ஒப்பிக்கிறார். அவள் நிமிர்ந்து பார்க்காமல் எழுதிக்கொள்கிறாள்.

காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு சீக்கிரமே கிளம்பிவிடுகிறார். கண்மாய்க் கரை ஏறும் இடத்தில் இறங்கி, செயின் கழன்றுவிட்ட மாதிரி குனிந்து நிற்கிறார். சும்மா நின்றால் யாராவது பார்த்து, வேனுக்காக நிற்கிறார் என்று டாக்டரிடம் சொல்லிவிடலாம். கழலாத செயினைக் கழற்றி மாட்டி அவர் விரலெல்லாம் கிரீஸ். தூரத்தில் வேன் சத்தம் கேட்கும்போது விரலைத் துண்டில் துடைத்துக்கொள்வார். அந்த இடத்தில் ரோட்டில் பள்ளம் கிடையாது. ஆனாலும் கதிரவன் பள்ளத்தைப் பார்த்த மாதிரி பிரேக்கை மிதிப்பான். வேன் ஊர்ந்துகொண்டு அவரைத் தாண்டும். கடைசி சன்னலில் சோலையம்மாள் தலையை வெளியே நீட்டுவாள். வேனுக்குள் கேட்டால்தானே குற்றம்.

"சாப்பிட்டீகளாண்ணே?"

வேனில் உட்கார்ந்து வந்த காலத்தில் அவர் ஒருநாளும் இதற்கு உண்மையைச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறார்.

"இல்ல தாயி. இன்னும் சாப்பிடல."

அதற்குள் வேன் கண்மாய்க் கரையில் திரும்பிவிடும். புழுதி அடங்கும்வரை நின்றிருந்துவிட்டு, செயினை மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறுகிறார்.